‘போர்டு’ என்றால் பலகையா, வாரியமா, சாப்பாடா?

#1 · ஏட்டுச்சுவடி

வணக்கம். பதினோரு வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். பெரும்பாலும் ஒப்பந்தங்கள், சேர்க்கைக் கடிதங்கள், பயன்பாட்டுக் குறிப்புகள். போன வாரம் நடந்த ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த இழை.

வெளிநாட்டில் படிக்கப் போகும் ஒரு பெண்ணின் சேர்க்கைக் கடிதம். அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால் தமிழில் கேட்டிருந்தார்கள். கட்டண விவரத்தில் மூன்றே வரி. முதலாவது கல்விக் கட்டணம், மூன்றாவது காப்பீடு. நடுவில் இருந்தது ‘ரூம் அண்ட் போர்டு’. அதை யாரோ ஏற்கெனவே ‘அறை மற்றும் வாரியக் கட்டணம்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். பெற்றோர் என்ன செய்வார்கள்? வாரியம் என்றால் தேர்வு வாரியம்தான், பரீட்சைக்குக் கட்டுகிற பணம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். மகளின் சாப்பாட்டுச் செலவுக்குத் தனியாகக் கடன் வாங்கினார்கள். உண்மையில் மூன்று வேளைச் சாப்பாடும் அந்த வரிக்குள்ளேயே இருந்தது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தக் கடிதம் சரிபார்க்க என்னிடம் வந்தது.

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் சொந்தச் சொற்பட்டியலைத் திறந்து பார்த்தேன். ‘போர்டு’ என்பதற்கு நேரே பலகை, வாரியம் என்று இரண்டே சொல்தான் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரி முதலில் என் கையில் கிடைத்திருந்தால் நான் சரியாக எழுதியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்கள் வேலையில், உங்கள் படிப்பில் இந்தச் சொல் எந்தப் பொருளில் வருகிறது? அகராதியில் இருப்பதை எடுத்துப் போட வேண்டாம், அது என்னிடமே இருக்கிறது. புழங்கும் இடத்தோடு சொல்லுங்கள்.

#2 · இழைப்புளி

நான் மரவேலைக்காரன். எனக்குப் போர்டு என்றால் பலகைதான், அதில் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் ‘போர்டு அடி’ என்று ஓர் அளவு உண்டு, அதில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அடி என்று முடிவதால் நீள அளவு என்று நினைத்துவிடுகிறார்கள். அது கன அளவு. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலத் தடிமன். மொத்தம் 144 கன அங்குலம்.

பத்தடி நீளம், ஆறு அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன் உள்ள பலகை 5 போர்டு அடி. அதே பலகை இரண்டு அங்குலத் தடிமன் என்றால் 10. நீளம் மாறவே இல்லை, மரம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. வேலை பழகிய புதிதில் நான் இதை நீளக் கணக்காக எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்து இறங்கிய மரத்தைத் தரையில் அடுக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒரு கதவுக்கு மரம் இருந்தது, இன்னொரு கதவுக்கு இல்லை.

அப்புறம் இன்னொன்று. இன்றைக்குப் பட்டறையில் போர்டு என்று சொல்வதில் பாதி பலகையே கிடையாது. பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப், ஹார்டுபோர்டு எல்லாம் மரத்தூளையும் மர நாரையும் சூட்டில் அழுத்திச் செய்த தகடுகள். இழைப்புளி போட்டால் சுருள் சுருளாகச் சீவல் வராது, தூள்தான் பறக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். தமிழில் இரண்டையும் பலகை என்று எழுதினால் எங்கள் ஆட்களுக்குக் குழப்பம்தான்.

#3 · வேர்ச்சொல்

ஏட்டுச்சுவடி, உங்கள் கடிதத்து வரிக்கும் இழைப்புளி அண்ணன் சொன்ன பலகைக்கும் நேரான தொடர்பு உண்டு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

இடைக்கால ஐரோப்பாவின் பெரிய கூடங்களில் நிலையாகப் போட்ட சாப்பாட்டு மேசை அபூர்வம். மரத்தாங்கிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் நீளமான பலகையைப் போடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். அந்த இடம் வேறு வேலைக்கு ஆகும். ஆகவே ‘போர்டு’ என்றாலே சாப்பாட்டு மேசை என்று ஆனது. கொஞ்ச காலத்தில் அந்த மேசையில் வைக்கிற சாப்பாட்டுக்கும் அதே பெயர் வந்தது. ‘ரூம் அண்ட் போர்டு’, ‘போர்டிங் ஹவுஸ்’, ‘போர்டிங் ஸ்கூல்’ எல்லாம் இந்தக் கிளை. போர்டிங் பள்ளி என்றால் தங்கிப் படிக்கும் பள்ளி என்று நாம் நினைக்கிறோம். சொல்லின்படி பார்த்தால் சாப்பாடு போடும் பள்ளி.

அதே பலகையைச் சுற்றி உட்கார்ந்து கணக்கு வழக்குப் பேசினார்கள். 16ஆம் நூற்றாண்டில் அப்படி உட்கார்ந்தவர்களையே ‘போர்டு’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். இயக்குநர் குழு, நிர்வாக வாரியம் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

ஆக, உங்கள் சொற்பட்டியலில் பலகைக்கும் வாரியத்துக்கும் நடுவில் ஒரு மேசை விடுபட்டிருக்கிறது. அந்த மேசையை வைத்துவிட்டால் சாப்பாடும் தானாக வந்துவிடும்.

#4 · சொல்லாக்கம்

நல்ல விளக்கம். ஆனால் இதையெல்லாம் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. எங்கும் ‘பலகை’ என்றே எழுதலாமே? விசைப்பலகை, கரும்பலகை, அறிவிப்புப் பலகை என்று ஏற்கெனவே நன்றாக நிலைத்திருக்கிறது. நிர்வாகக் குழுவுக்கும் பலகை பொருந்தும். சங்கப் பலகைக் கதை நமக்கு இல்லையா? புலவர்கள் கூடிய அவைக்கு அடையாளமே ஒரு பலகைதான். ஆங்கிலேயர் பலகையைச் சபையாக்கியது போல நாமும் ஆக்கியிருக்கிறோம்.

#5 · ஏட்டுச்சுவடி

சொல்லாக்கம் ஐயா, ‘தங்கும் அறையும் பலகையும்’ என்று எழுதினால் அந்தப் பெற்றோர் படுக்கப் பலகை தருகிறார்கள் என்று நினைப்பார்கள். வாரியத்தை விட அது மோசம்.

#6 · வேர்ச்சொல்

சங்கப் பலகை எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் அது வேறு படம். அந்தப் பலகை மேல் ஏறி உட்கார்ந்தார்கள். தகுதி உள்ளவருக்கு இடம் விட்டு வளர்ந்து கொடுக்கும் இருக்கை அது. ஆங்கிலப் ‘போர்டு’ சுற்றி உட்காரும் மேசை. நாம் இருக்கையை வைத்துப் பெருமை சொன்னோம், அவர்கள் மேசையை வைத்துச் சொன்னார்கள்.

‘வாரியம்’ என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. அது அலுவலகத்துக்காக யாரோ நேற்றுச் செய்த சொல் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வருகிறது. 10ஆம் நூற்றாண்டு. குடவோலையில் பெயர் எடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அமர்த்தப்பட்ட குழு. குழு என்ற பொருளில் வரும் போர்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை. அதன் பின்னால் பலகையும் இல்லை, மேசையும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

#7 · பாய்மரம்

கப்பலில் 26 வருடம் இருந்தவன். நீங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்குப் போர்டு என்றால் கப்பலின் பக்கம், அதாவது அதன் விளிம்பு.

பக்கத்தைத் தாண்டி உள்ளே வந்தால் ‘ஆன் போர்டு’. பக்கத்தைத் தாண்டி வெளியே விழுந்தால் ‘ஓவர்போர்டு’. எஞ்சின் உள்ளே இருந்தால் ‘இன்போர்டு’, வெளியே பின்புறம் மாட்டியிருந்தால் ‘அவுட்போர்டு’. தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்தளம் வரை நீருக்கு மேலே தெரியும் உயரம் ‘ஃப்ரீபோர்டு’. சரக்கு ஏற ஏற அது குறையும். இதில் எந்த இடத்தில் பலகை என்று போட்டாலும் வாக்கியம் மூழ்கிவிடும்.

ஒரு பாதுகாப்புப் பயிற்சிப் படத்துக்குத் தமிழில் எழுத்து ஓடவிட்டிருந்தார்கள். ‘மேன் ஓவர்போர்டு’ என்று ஒருவர் கத்துகிறார். கீழே ‘அவர் எல்லை மீறிவிட்டார்’ என்று வந்தது. ‘கோ ஓவர்போர்டு’ என்றால் அளவுக்கு மீறிப் போவது என்று அகராதியில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கத்தலைக் கேட்டால் கப்பலில் இருப்பவன் செய்ய வேண்டியவை வரிசையாக உண்டு. மிதவளையத்தை வீச வேண்டும். ஓர் ஆள் விழுந்தவனை நோக்கிக் கையை நீட்டியபடியே நிற்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. அலைக்கு நடுவே ஒரு தலை தேங்காய் அளவுதான் தெரியும். ஒரு நொடி திரும்பினால் தொலைந்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்துப் பழகும் புதுப் பையனுக்கு ‘ஆள் கடலில் விழுந்துவிட்டான்’ என்று நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

#8 · மின்னல்கொடி

பாய்மரம் ஐயா, ‘ஸ்டார்போர்டு’ என்பது நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடித்த பக்கம் என்று எங்கோ படித்தேன். சரியா?

#9 · பாய்மரம்

இல்லை அம்மா. நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஸ்டியோர்போர்ட்’, அதாவது கப்பலைத் திருப்பும் பக்கம். கப்பலின் பின்புறம் நடுவில் சுக்கான் வைக்கும் வழக்கம் வருவதற்கு முன்னால், பெரிய துடுப்பு ஒன்றை வலப்பக்கம் கட்டித்தான் கப்பலைத் திருப்பினார்கள். அந்தத் துடுப்பு கரையில் மோதி உடையாமல் இருக்க, இடப்பக்கத்தைக் கரையோடு அணைத்து நிறுத்தினார்கள். சரக்கு அந்தப் பக்கமாக ஏறியது. அதற்கு ‘லார்போர்டு’ என்று பெயர் வந்தது.

ஸ்டார்போர்டு, லார்போர்டு. காற்றிலும் அலையிலும் கத்திச் சொல்லும்போது இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும். திருப்ப வேண்டிய திசையே மாறிப்போகும். அதனால் 1844இல் பிரிட்டிஷ் கடற்படையும் 1846இல் அமெரிக்கக் கடற்படையும் லார்போர்டை விட்டுவிட்டு, துறைமுகத்தைக் குறிக்கும் ‘போர்ட்’ என்ற சொல்லை இடப்பக்கத்துக்கு வைத்தன. இரவில் வலப்பக்கம் பச்சை விளக்கு, இடப்பக்கம் சிவப்பு விளக்கு.

#10 · ஏட்டுச்சுவடி

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆங்கிலத்தில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார்கள். தமிழ் எழுத்தில் நாம் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்! ஏர்போர்ட், பாஸ்போர்ட் என்பதில் வரும் போர்ட் வேறு, கீபோர்டு என்பதில் வரும் போர்டு வேறு. ஆனால் பலரும் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். கடைசியில் ஓர் உகரம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். ஒரு கணினிக் கையேட்டில் ‘போர்டில் கேபிளைச் செருகவும்’ என்று பார்த்தேன். கேபிள் செருகும் துளையா, உள்ளே இருக்கும் அட்டையா? படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

#11 · ஈயப்பற்று

நான் மின்னணுச் சாதனம் பழுது பார்க்கிறேன். மேலே சொன்ன குழப்பம் எங்களுக்குத் தினமும் உண்டு. ‘போர்டு போயிடுச்சா, போர்ட் போயிடுச்சா’ என்று இரண்டு முறை கேட்டுக்கொள்வோம். போர்ட் போனால் அரை மணி நேர வேலை. போர்டு போனால் சாதனத்தையே மாற்றிவிடலாமா என்று யோசிக்க வேண்டும்.

எங்கள் போர்டு பெரும்பாலும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த தகடு, மேலே செம்புத் தடங்கள். மரம் துளிகூட இல்லை. ஆனால் தொடக்கம் மரத்தில்தான். வானொலி வந்த புதிதில் ஆர்வலர்கள் வீட்டில் ரொட்டி வெட்டும் பலகையை எடுத்து, ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி கம்பி சுற்றிச் சுற்றமைப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். அதனால்தான் சோதனைக்குப் பயன்படுத்தும் அட்டைக்கு இன்றும் ‘பிரெட்போர்டு’ என்று பெயர். இப்போது அது துளைகள் நிறைந்த பிளாஸ்டிக். துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அதை ‘ரொட்டிப் பலகை’ என்று மொழிபெயர்த்த பாடக்குறிப்பு ஒன்று என்னிடம் வந்தது. கதையாகச் சொல்ல நன்றாக இருக்கிறது. ஆனால் கையில் எடுத்து வேலை செய்கிற பிள்ளைக்கு ‘சோதனை அட்டை’ என்றால் எதற்கு என்று உடனே தெரியும்.

#12 · சொல்லாக்கம்

அட்டை என்றால் காகித அட்டை என்று நினைப்பார்களே?

#13 · ஈயப்பற்று

நாங்கள் இருபது வருடமாக அட்டை என்றுதான் சொல்லிவருகிறோம் ஐயா. யாரும் காகிதம் என்று நினைத்ததில்லை. ஆங்கிலத்திலேயே காகித அட்டை ‘கார்டுபோர்டு’தான், கெட்டிப் புத்தகத்தின் மேலட்டையும் ‘போர்டு’தான். அங்கே ஒரே சொல் இத்தனையைத் தாங்கும்போது இங்கே அட்டை தாங்காதா?

#14 · வழக்குரை

சட்ட ஆவணம் மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பழைய ஆங்கிலத் தீர்ப்புகளில் ‘பெட் அண்ட் போர்டு’ பிரிவினை என்று வரும். திருமணம் முறியாது, மறுமணம் செய்ய முடியாது, ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ வேண்டிய கடமை இல்லை. இங்கிலாந்தில் 1857ஆம் ஆண்டுத் திருமண வழக்குச் சட்டம் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ‘ஜுடீஷியல் செப்பரேஷன்’, அதாவது நீதிமன்றப் பிரிவு, என்று மாற்றியது.

வேர்ச்சொல் சொன்ன மேசைக் கதைக்கு இது நல்ல சாட்சி. அந்தத் தொடரின் இலத்தீன் மூலம் ‘ஆ மென்சா எட் தோரோ’. மென்சா என்றால் மேசை. நம் ‘மேசை’ போர்த்துகீசியம் வழியாக வந்தது, அதுவும் அந்த மென்சாவின் பிள்ளைதான். ஆக, ஆங்கிலத்தில் போர்டு என்று இருக்கும் இடத்தில் தமிழில் ‘மேசை’ என்று எழுதினால் மூலத்துக்கே திரும்பிப் போனதாகிவிடும். ஆனால் வாசகருக்கு அது உதவாது. ‘ஒரே படுக்கை, ஒரே உலை என்ற வாழ்விலிருந்து பிரிவு’ என்று நான் ஒரு முறை எழுதினேன். மூத்தவர் ஒருவர் அடித்துவிட்டு ‘நீதிமன்றப் பிரிவு’ என்று போட்டார். அவர் செய்தது சரி. இருந்தாலும் ‘ஒரே உலை’ என்பதை விட மனம் வரவில்லை.

#15 · வேர்ச்சொல்

‘ஒரே உலை’ அருமை. ‘போர்டு’ பிறந்த இடத்தில் அதற்கு இருந்த சூடு இதில் இருக்கிறது.

#16 · சரக்கேடு

ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. எங்களுக்கு ‘ஆன் போர்டு’ என்ற இரண்டு சொல்லில் பணமே நிற்கும்.

‘ஃப்ரீ ஆன் போர்டு’ என்று விலை பேசினால், சரக்கு கப்பலில் ஏறும் வரை செலவும் பொறுப்பும் விற்பவருடையது. இந்த விதிகளைச் சர்வதேச வணிகச் சபை 1936 முதல் இன்கோடெர்ம்ஸ் என்ற பெயரில் வெளியிட்டு வருகிறது. முன்பெல்லாம் கப்பலின் பக்கக் கைப்பிடியைச் சரக்கு தாண்டும் அந்தக் கணத்தில் பொறுப்பு கைமாறும் என்று இருந்தது. தூக்கியில் தொங்கும் பெட்டி நடுவானில் இருக்கும்போது அறுந்து விழுந்தால் யார் தலையில் விடியும் என்று பெரிய சண்டை. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, சரக்கு கப்பலின் மேல் வைக்கப்பட்டால்தான் கைமாறும் என்று தெளிவாக்கினார்கள்.

என் அனுபவம் ஒன்று. கப்பல் ரசீதில் ‘ஏற்றுவதற்காகப் பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று இருந்தது. ‘ஆன் போர்டு’ முத்திரையும் தேதியும் இல்லை. ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் கடன் உறுதிக் கடிதம் அதைக் கண்டிப்பாகக் கேட்டிருந்தது. வங்கி பணம் தர மறுத்துவிட்டது. பெட்டி துறைமுகத்தில்தான் நிற்கிறது, கப்பல் அடுத்த நாள் கிளம்புகிறது. முகவரைப் பிடித்து அந்த முத்திரையை வாங்க மூன்று நாள் அலைந்தேன். இதைத் தமிழில் ‘கப்பலில் உள்ளது’ என்று எழுதினால் போதாது. ‘கப்பலில் ஏற்றப்பட்டது’ என்று வினை முடிந்ததாக இருக்க வேண்டும்.

#17 · மின்னல்கொடி

அலுவலகங்களில் ‘ஆன்போர்டிங்’ என்கிறார்களே, புதிதாகச் சேர்ந்தவரைப் பழக்குவது, அதுவும் இந்தக் கப்பல்தானா?

#18 · சரக்கேடு

அதேதான். ‘அவரும் ஆன் போர்டா?’ என்றால் அவரும் ஒப்புக்கொண்டாரா என்று பொருள். ‘டேக் ஆன் போர்டு’ என்றால் ஒரு கருத்தை ஏற்றுக்கொள்வது. எல்லாமே ஏறுவதும் ஏற்றுவதும்தான். தமிழில் ‘ஏற்றுக்கொள்’ என்ற சொல்லின் வேர் ‘ஏல்’ என்ற வேறு வினைதான் என்றாலும், காதுக்கு அதிலும் அந்த ஏற்றம் கேட்பதைக் கவனித்தீர்களா? இத்தனை வருடம் எழுதியும் இன்றுதான் எனக்கே கண்ணில் பட்டது.

#19 · கறுப்புக்குதிரை

சதுரங்க நடுவராக இருக்கிறேன். 64 கட்டம் உள்ள பலகை ஒரு பொருள். ஆனால் அணிப் போட்டியில் ‘முதல் போர்டு’ என்றால் பலகை இல்லை, அந்த இடத்தில் ஆடும் ஆட்டக்காரர். ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு ஒரு சுற்றில் நான்கு போர்டு. ‘மூன்றாவது போர்டு தோற்றுவிட்டது’ என்றால் எங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வரும். ‘ஓவர் தி போர்டு’ என்றால் பலகைக்கு எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது, இணையவழி ஆட்டத்திலிருந்து பிரித்துச் சொல்ல. பாய்மரம் ஐயாவின் ஓவர்போர்டோடு இதைக் கலந்துவிடாதீர்கள்.

#20 · வானம்பாடி

பனி ஹாக்கியில் ஆடுகளத்தைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவருக்குப் பெயர் ‘போர்ட்ஸ்’. எதிராளியை அதில் ஆபத்தாக மோதவிட்டால் ‘போர்டிங்’ என்று தவறு கொடுப்பார்கள். கூடைப்பந்தில் ‘போர்ட்ஸ்’ என்றால் பலகையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்த கணக்கு. விளையாட்டுச் செய்தி எழுதுபவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

#21 · சொல்லாக்கம்

‘அபவ் போர்டு’ என்றால் ஒளிவு மறைவு இல்லாமல் என்று பொருள். அது கப்பல்தான் என்று நினைக்கிறேன். கடற்கொள்ளையர்கள் ஆட்களை மேல்தளத்துக்குக் கீழே ஒளித்து வைப்பார்கள், நேர்மையானவர்கள் மேலேயே நிற்பார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு.

#22 · பாய்மரம்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் வழக்கில் போர்டு பக்கம்தான், மேல்தளம் இல்லை. தளம் ‘டெக்’. அதனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

#23 · வேர்ச்சொல்

பாய்மரம் ஐயா பக்கம்தான் நானும். இது சீட்டாட்ட மேசை. கை மேசைக்கு மேலே தெரிந்தால் சீட்டை மாற்ற முடியாது, கீழே போனால் சந்தேகம். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியிலேயே இது சூதாடிகளிடமிருந்து வந்தது என்றுதான் விளக்கியிருக்கிறார். ‘ஸ்வீப் தி போர்டு’ என்பதும் அதே மேசை. மேலே கிடக்கும் பந்தயப் பணம் அனைத்தையும் வழித்து எடுத்துக்கொள்வது. ‘அக்ராஸ் தி போர்டு’ மட்டும் வேறு. அது அமெரிக்கக் குதிரைப் பந்தயம். முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம் மூன்றுக்கும் ஒரே குதிரை மேல் ஒரே அளவு பணம் கட்டுவது. அங்கிருந்துதான் ‘எல்லாருக்கும் ஒரேபோல’ என்ற பொருள். சம்பள உயர்வுச் செய்தியில் அது வந்தால் ‘வாரியம் முழுவதும்’ என்று எழுதிவிடாதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

‘பேக் டு தி டிராயிங் போர்டு’ என்பதற்கு மட்டும் தெளிவான பிறந்த நாள் உண்டு. 1941இல் நியூ யார்க்கர் இதழில் பீட்டர் ஆர்னோ வரைந்த கேலிச்சித்திரம். பின்னால் விமானம் நொறுங்கிக் கிடக்கிறது. வரைபடச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வடிவமைப்பாளர் நடந்துவருகிறார், அவர் வாயில் இந்த வரி. தமிழில் ‘மறுபடியும் முதலிலிருந்து’ என்பது போதும். வரைபலகையைத் தேட வேண்டியதில்லை.

#24 · நிழற்குடை

வேர்ச்சொல் அண்ணா, மேசைதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்றால் ‘கப்போர்டு’ எப்படி?

#25 · வேர்ச்சொல்

அதுவும் மேசைதான் தம்பி. முதலில் கோப்பைகளை அடுக்கி வைக்கும் திறந்த பலகை. கதவு வைத்து மூடிய பெட்டியானது பிறகு. பெயர் மாறவில்லை, ஒலிதான் ‘கபர்டு’ என்று தேய்ந்துவிட்டது. நம் அலமாரியும் மேசை மாதிரியே போர்த்துகீசியர் கொடுத்ததுதான்.

வீட்டுச் சாமான் அதிகாரமாக மாறுவது ஆங்கிலத்தில் சகஜம். ‘பெஞ்ச்’ நீதிபதிகள் ஆனது. ‘சேர்’ தலைவர் ஆனது. ‘கேபினட்’ அமைச்சரவை ஆனது. ‘டேபிள்’ இதில் ஒரு தனி ஆபத்து. பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்தால் உடனே விவாதத்துக்கு வைப்பது. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு ஒத்திப்போடுவது என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் சண்டை போட்டதை சர்ச்சில் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இரண்டு தரப்புக்கும் வேண்டியது ஒன்றே: அதை உடனே பேச வேண்டும்.

#26 · ஈயப்பற்று

நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கும் ‘மெசேஜ் போர்டு’ என்றுதானே பெயர். 1978இல் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தொலைபேசி வழியாக இணைக்கும் முதல் கணினி அறிவிப்புப் பலகையை நடத்தினார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். அவர் செய்தியைக் குத்தி வைத்துவிட்டுத் தொடர்பைத் துண்டித்த பிறகுதான் அடுத்தவர். சுவரில் தொங்கும் பலகை முன்னால் வரிசையில் நிற்பது மாதிரியே. அங்கே ‘பலகை’ என்று எழுதினால் எனக்கு முழுச் சம்மதம். சொல்லாக்கம் ஐயா, இந்த இடத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி.

#27 · சொல்லாக்கம்

நன்றி தம்பி. எங்கும் பலகை என்று நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். ஏதாவது ஒன்றை அதன் மேல் எழுதினால், ஒட்டினால், பதித்தால் பலகை. மற்ற இடங்களில் வேண்டாம்.

#28 · ஏட்டுச்சுவடி

எல்லோருக்கும் நன்றி. என் சொற்பட்டியலில் ‘போர்டு’ இப்போது ஒரு பக்கம் ஆகிவிட்டது. சொல்லுக்கு நேரே சொல் வைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். அதன் மேல் எழுதுகிறார்களா? பலகை. அதைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கிறார்களா? வாரியம், குழு. அதில் சாப்பிடுகிறார்களா? உணவு. அதில் ஏறுகிறார்களா? கப்பல், வண்டி, விமானம், எதுவோ அதன் பெயரையே எழுது. மின்கம்பி போகிறதா? அட்டை. ‘ஸ்டார்போர்டு’ வலப்பக்கம்.

அந்தக் கடிதத்தில் ‘தங்குமிடமும் மூன்று வேளை உணவும்’ என்று திருத்தி அனுப்பினேன். உணவு அதில் அடங்கும் என்று கல்லூரியிடம் எழுத்திலும் உறுதி வாங்கினேன். அந்தப் பெண்ணின் அப்பா நேற்று அழைத்தார். கடன் தொகையை இன்னும் எடுக்காததால் பெரும்பகுதியை ரத்து செய்ய ஒப்புக்கொண்டார்களாம். ‘அங்கே சாப்பாடு போட்டுவிடுவார்கள்தானே?’ என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

#29 · பாய்மரம்

நல்ல செய்தி. ஒரே ஒரு திருத்தம். ஸ்டார்போர்டுக்கு வெறும் ‘வலப்பக்கம்’ என்று எழுதாதீர்கள். நான் கப்பலின் பின்பக்கம் பார்த்து நின்றால் என் வலக்கை மாறிவிடும், ஸ்டார்போர்டு மாறாது. ‘கப்பலின் வலப்பக்கம், முன்முனையை நோக்கி நிற்கும்போது’ என்று எழுதுங்கள்.

#30 · ஏட்டுச்சுவடி

எழுதிவிட்டேன் ஐயா. பக்கத்திலேயே பச்சை விளக்கு என்றும் குறித்து வைத்திருக்கிறேன்.